குழந்தை உறங்கும்போதும் மகள் உறங்குவதில்லை

கேள்வி: என் மகளுக்கு 27 வயது. தலைப்பிரசவம். ஆண் குழந்தை பிறந்து மூன்றரை மாதமாகிறது; எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். குழந்தை அயர்ந்து உறங்கினாலும் இவள் உறங்குவதில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால், காய்ந்த குழந்தைத் துணிகளை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்துக்கொண்டிருக்கிறாள். பேச்சே குறைந்துவிட்டது. சென்ற வாரம், “நான் இல்லாவிட்டாலும் நீங்கள் எல்லோரும் இவனை நன்றாக வளர்த்துவிடுவீர்கள்” என்றாள். மனநல மருத்துவரிடம் காட்டலாம் என்றால், ஐந்தாம் மாதம் அழைத்துப்போக வரும் சம்பந்தி வீட்டாருக்குத் தெரிந்தால் என்னாகும் என்று என் கணவர் தயங்குகிறார். மாத்திரை சாப்பிட்டால் தாய்ப்பால் கொடுக்கலாமா? எனக்கும் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்கள் எதுவுமே பிடிக்காமல் இருந்து, தானாகச் சரியானது. இவளுக்கும் அப்படியே சரியாகிவிடாதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருமுன், “நான் இல்லாவிட்டாலும்” என்று உங்கள் மகள் சொன்ன வார்த்தையை எடுத்துக்கொள்கிறேன். அதை நாளைக்கு என்று தள்ளிவைக்க முடியாது. அது அலுப்பில் வந்த பேச்சாகவும் இருக்கலாம், சாக வேண்டும் என்ற எண்ணம் உள்ளே ஓடிக்கொண்டிருப்பதன் அடையாளமாகவும் இருக்கலாம்; எது என்பது அவரிடம் கேட்டால்தான் தெரியும். நீங்கள் இருவரும் தனியாக இருக்கும் நேரம் பார்த்து, “உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா அம்மா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணமும் முளைத்துவிடுமோ என்ற பயம் பல தாய்மார்களுக்கு உண்டு. அப்படி முளைப்பதில்லை, இத்தனை நாள் தனியாகச் சுமந்ததை இறக்கிவைக்க ஓர் ஆள் கிடைத்தது என்ற ஆறுதலே பெரும்பாலும் வருகிறது. அவர் “ஆமாம்” என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவரை அவரைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்தோ, உங்கள் கணவரின் மாத்திரைகளோ இருந்தால், இதைப் படித்து முடித்ததும் அவற்றை அப்புறப்படுத்திவிடுங்கள்.

இப்போது, நீங்கள் கண்ட அந்த இரண்டு மணிக் காட்சிக்கு வருகிறேன். பச்சைப் பிள்ளைக்காரிக்குத் தூக்கம் கெடுவது இயல்பு. குழந்தை எழுப்புகிறது, எழுந்திருக்கிறாள். ஆனால் குழந்தை உறங்கி, வீடும் உறங்கி, உடம்பு கெஞ்சினாலும் கண் மூட முடியாமல் ஒரு தாய் தவிப்பது களைப்பின் கணக்கில் சேராது. பிரசவமான மூன்று நான்கு நாட்களில் காரணமின்றிக் கண் கலங்குவது மிகப் பலருக்கு வந்து, இரண்டு வாரத்துக்குள் தானாக மறைந்துவிடும். மூன்றரை மாதத்தில் நீங்கள் எழுதியிருப்பது அதுவன்று. பேச்சுக் குறைவது, தூக்கமின்மை, தன்னால் யாருக்கும் பயனில்லை என்ற நினைப்பு, இவை மூன்றும் சேர்ந்திருப்பதைப் பார்த்தால் பேறுகால மனச்சோர்வு என்றே எனக்குத் தோன்றுகிறது. உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவர். வளரும் நாடுகளில் பிள்ளை பெற்ற பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு வருகிறது என்றும், அவற்றுள் முதன்மையானது மனச்சோர்வு என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இது உங்கள் வளர்ப்பின் குறையும் இல்லை, மகளின் மனத்திண்மைக் குறைவும் இல்லை.

உங்கள் பேரனுக்கு ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத் தடுப்பூசிகள் போடப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் குழந்தையை எடை போட்டு அட்டையில் குறித்துக் கொடுத்திருப்பார்கள். அந்த மூன்று முறையும் அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த உங்கள் மகளிடம், “நீ எப்படி இருக்கிறாய்?” என்று யாராவது கேட்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே. 1987இல் உருவாக்கப்பட்ட எடின்பரோ வினாப்பட்டியல் இதற்கென்றே இருக்கிறது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிப் பத்தே கேள்விகள், தமிழிலும் உண்டு, பதில் சொல்லச் சில நிமிடங்கள் போதும். தடுப்பூசி வரிசையிலேயே இதைக் கேட்டுவிடலாம் என்று நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். மருத்துவரிடம் போகும்போது அதை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். ரத்தச்சோகையும், பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு கோளாறும் இதே சோர்வைத் தரக்கூடும் என்பதால், அந்த ரத்தப் பரிசோதனைகளும் தேவை.

தானாகச் சரியாகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். சிலருக்குச் சரியாகிறது, உங்களுக்கு ஆனதைப் போல. சிலருக்கு ஓராண்டுக்கும் மேல் நீள்கிறது; அதற்குள் தாயும் குழந்தையும் இழப்பவை திரும்ப வருவதில்லை. சிகிச்சை இருக்கிறது என்று தெரிந்த பிறகும் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சிகிச்சையின் முதற்பகுதி பேச்சு. கவுன்சலிங் என்றால் யாரோ உட்காரவைத்து அறிவுரை சொல்வார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அறிவுரைக்கு உங்கள் வீட்டில் பஞ்சம் இருக்காது. அங்கே நடப்பது வேறு. ‘எனக்குப் பால் போதவில்லை, ஆகவே நான் தாயாக இருக்கத் தகுதியற்றவள்’ என்று ஓர் எண்ணம் ஓடுகிறது என்றால், அதை வெளியே எடுத்துவைத்து, முதல் பாதி உண்மையா, முதல் பாதியிலிருந்து இரண்டாம் பாதி எப்படி வந்தது என்று அவரையே பார்க்கவைப்பார்கள். அடுத்த முறை வருவதற்குள் செய்யச் சிறிய வேலை ஒன்று தருவார்கள்: சாயங்காலம் குழந்தையை உங்களிடம் கொடுத்துவிட்டு அரைமணி நேரம் வெளியே நடந்துவருவது போல. வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம், இரண்டு மூன்று மாதம் போகவேண்டி வரும். பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில், பள்ளிப் படிப்பு முடித்த சுகாதாரப் பெண்களுக்கு இந்த முறையில் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். 2008இல் அதன் முடிவுகள் வெளியாயின: குழந்தைக்கு ஆறு மாதமானபோது, இந்த முறையில் பேசப்பட்ட தாய்மார்களில் 23 சதவீதத்தினரிடமே மனச்சோர்வு எஞ்சியிருந்தது, வெறுமனே வந்து பார்த்துச் சென்ற வீடுகளில் அது 53 சதவீதம். நம்மைப் போன்றே மாமியாரும் மதினியும் கூடி வாழும் வீடுகள் அவை என்பதால், இந்த ஆய்வை நான் அடிக்கடி எடுத்துச் சொல்கிறேன்.

மனச்சோர்வு கடுமையாக இருந்தால் பேச்சோடு மாத்திரையும் தேவைப்படும். பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு மருத்துவர்கள் பரவலாகத் தேர்ந்தெடுக்கும் செர்ட்ரலின், தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கிறது. அதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. பால் கொடுப்பவர் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குணம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரமாகும் என்பதால், பத்தாம் நாள் பலனில்லை என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. தேறியதும் தாங்களாகவே நிறுத்துபவர்களும் உண்டு. இரண்டையும் செய்யவேண்டாம்.

சம்பந்தி வீட்டார் விஷயத்தில் உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. பெண்ணைப் பெற்றவர் அவர். ஆனாலும் மருமகனிடமிருந்து மட்டும் இதை மறைக்காதீர்கள். ஐந்தாம் மாதம் புது இடத்தில், மாத்திரையை ஒளித்துவைத்து விழுங்கவேண்டிய நிலையில், இரவெல்லாம் விழித்திருக்கும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்து பாருங்கள். மருத்துவரைப் பார்க்கும்போது மருமகனும் உடனிருக்கட்டும்; அழைத்துப்போகும் நாளைத் தள்ளிவைப்பதா என்பதை அவரும் மருத்துவரும் சேர்ந்து முடிவுசெய்யட்டும். அதற்குமேல் யாருக்குச் சொல்வது என்பது உங்கள் மகளின் உரிமை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த ரகசியத்தைக் காக்கிறது. மருத்துவமனையில் தங்க நேர்ந்தாலும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

எனக்குத் தோன்றும் இன்னொன்று. உங்கள் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு நேர்ந்ததை எனக்கு எழுதியிருக்கிறீர்கள், மகளிடம் சொல்லியிருக்கிறீர்களா? “நாங்களெல்லாம் பெறவில்லையா” என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்த பெண்ணுக்கு, தன் அம்மாவுக்கும் அன்று பிள்ளையைப் பார்த்தால் ஒன்றும் தோன்றாமல் இருந்தது என்று தெரிவது எவ்வளவு பெரிய துணை என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர் துணி மடித்துக்கொண்டிருக்கும் இரவில் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்களும் ஒரு துணியை எடுத்து மடித்தபடி சொல்லுங்கள். மருத்துவரிடமும் சொல்லுங்கள், குடும்பத்தில் இருந்ததா என்று அவர் கேட்பார்.

இன்றிரவே பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், நீங்களும் பேசலாம். உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டையும் இப்போது சாப்பிடும் மாத்திரைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் நேரத்தில் குழந்தை உங்கள் மடியில் இருக்கட்டும்.