மீட்டிங்குக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடாதா?

வணக்கம் மேடம்,

கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. வீட்டுக்காரர் தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டுகிறார். பல வருஷக் குடி. போன மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்து கோயம்புத்தூரில் சேர்த்தோம். அதற்குப் பிறகு தொடவில்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் ஒரு மாதிரி ஆகிவிடுகிறார். பையன் பேனாவைக் கீழே போட்டால்கூடக் கத்துகிறார். குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மீட்டிங்குக்கு விடாமல் போகச் சொல்லி டாக்டர் எழுதியே கொடுத்தார். இவரோ, "இங்கே யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுகூட எல்லாருக்கும் தெரியும். நான் அங்கே போய் உட்கார்ந்தால் ஃபேக்டரி வரைக்கும் பேச்சு போய்விடும்" என்கிறார். மீட்டிங் எங்கே நடக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியாது. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்க ஒரு பொடி இருக்கிறது, வாங்கித் தருகிறேன் என்கிறார் என் நாத்தனார். என்ன செய்வது?

பெயர் வேண்டாம், கோத்தகிரி வட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பொடி. வேண்டவே வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, நாத்தனாருக்கும் தெரியாது. குடியை நிறுத்துவதற்குக் கொடுக்கும் டைசல்பிராம் போன்ற மருந்து கலந்திருந்தால், அவர் ஒரு வாய் குடித்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர்கள் அந்த மாத்திரையை நோயாளியிடம் விளக்கி, அவர் சம்மதத்தோடுதான் கொடுப்பார்கள். கல்லீரல் கெட்டவருக்கு அது ஒத்துக்கொள்ளாது. உங்கள் கையால் போடும் சோற்றை அவர் நம்பிச் சாப்பிடுகிறார், அதையும் நினைத்துப் பாருங்கள்.

அவருடைய பயம் வீண் பயம் இல்லை. மலையில் ஒரு பஸ்ஸில் ஏறினால் பாதிப் பேர் தெரிந்தவர்கள். ஆனால் ஏ.ஏ.வில் 'க்ளோஸ்டு மீட்டிங்' என்று ஒன்று உண்டு. குடிப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும்தான் அதில் உட்காரலாம். அங்கே அவரைப் பார்க்கிறவரும் தன்னைப் பற்றி வெளியே பேச்சு வரக்கூடாது என்று நினைக்கிறவர்தான். ஊர்ப்பெயர், முகவரி சொல்ல வேண்டியதில்லை. கட்டணம் கிடையாது, பை சுற்றி வரும்போது இஷ்டமிருந்தால் போடலாம். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி. அப்படியும் கூச்சமாக இருந்தால் முதல் சில தடவை கோயம்புத்தூருக்கே போகட்டும்.

அங்கே என்ன நடக்கும் என்று தெரியாததும் பயத்துக்கு ஒரு காரணம். நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார். குறுக்கே யாரும் பேச மாட்டார்கள், புத்தி சொல்ல மாட்டார்கள். முதல் நாள் இவர் வாயே திறக்காமல் கேட்டுவிட்டு வரலாம். சில ஊர்களில் சர்ச் ஹாலில் நடக்கும். அதைப் பார்த்து மதம் மாற்றுகிறார்களோ என்று சிலர் திரும்பிவிடுகிறார்கள். இடம் கிடைத்ததால் அங்கே நடக்கிறது, அவ்வளவுதான். எந்த மதத்தோடும் ஏ.ஏ.வுக்குச் சம்பந்தம் இல்லை.

இது தொடங்கிய கதையை அவரிடம் சொல்லுங்கள். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குத் தொழில் விஷயமாக வந்து தோற்றுப்போன பங்குத் தரகர் ஒருவர், குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவர், ஓட்டலில் தனியாக இருந்தார். மறுபடி குடித்துவிடுவோமோ என்ற பயத்தில், பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று போன் போட்டுத் தேடினார். கிடைத்தவர் ஒரு அறுவை சிகிச்சை மருத்துவர். அந்த இருவரின் பேச்சிலிருந்து வளர்ந்ததுதான் ஏ.ஏ. உங்கள் வீட்டுக்காரருக்குச் சாயங்காலம் வருகிற அந்தத் தவிப்புக்கும் இப்படிப்பட்ட ஒரு ஆள்தான் தேவை. எரிச்சலும் தூக்கமின்மையும் குடியை விட்ட முதல் மாதங்களில் பலருக்கு வரும். அவரை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

சரி, எங்கே தேடுவது? அவர் சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரியின் ஆலோசகரிடம் ஏ.ஏ. தொடர்பு எண் கேளுங்கள். ஊட்டி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் விசாரியுங்கள். 14416 டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 14446 போதை மீட்பு உதவி எண், இரண்டும் இலவசம். எண் கிடைத்ததும் தமிழில் நடக்குமா, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடிகிற நேரம் முக்கியம், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே. போகிற அன்று காலையில் இன்னொரு தடவை போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

லாரி வேலை இருக்கிற நாளில் போன் வழி மீட்டிங் உண்டு. ஃபேக்டரியில் கொழுந்து இறக்கக் காத்திருக்கும் நேரத்தில், லாரியில் உட்கார்ந்தே கேட்கலாம். "குளிருக்குக் கொஞ்சம்" என்று யாராவது கூப்பிடுவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். குடித்தால் தோலில் சூடு தெரியும், ஆனால் உடம்பின் உள்சூடு வெளியேறிவிடும். மீட்டிங்கில் பழைய உறுப்பினர் ஒருவரின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால், அந்த மாதிரி நேரத்தில் அவரையே கூப்பிடலாம்.

அப்புறம் நீங்கள். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று 1951-இல் தொடங்கிய அல்-அனான் இருக்கிறது. அவர் மீட்டிங்குக்குப் போனாலும் போகாவிட்டாலும் நீங்கள் அதற்குப் போகலாம். இத்தனை வருஷம் நீங்கள் பட்டதைச் சொல்லவும் ஒரு இடம் வேண்டாமா? தினமும் அவர் சட்டையை மோந்து பார்க்கிற வேலையிலிருந்தாவது உங்களுக்கு விடுதலை கிடைக்கட்டும்.

ஒருவேளை மறுபடி சில நாள் தொடர்ந்து குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாள் கவனமாகப் பாருங்கள். கை நடுக்கம், வியர்வை அதிகமானால், இல்லாதது கண்ணுக்குத் தெரிந்தால், வலிப்பு வந்தால் வீட்டில் வைத்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். தேறியதும் அதே மீட்டிங்குக்குத் திரும்பப் போகலாம். அங்கே இருப்பவர்களில் பலர் அப்படித் திரும்பி வந்தவர்கள்தான்.