குரோய்டன் சித்தப்பாவும் 33,400 பவுண்டும்

மகள் பிஎஸ்சி மைக்ரோபயாலஜி முடித்திருக்கிறாள். லண்டன் பக்கம் குரோய்டனில் இருக்கும் சித்தப்பா, இங்கிலாந்தில் ஓராண்டு எம்எஸ்சி பப்ளிக் ஹெல்த் படிக்கட்டும் என்கிறார். வீட்டுப் பத்திரத்தை வைத்து 32 லட்சம் கடன் வாங்கப் போகிறார்கள். "தைரியமாக அனுப்பலாமா சார்?" என்று நாமக்கல்லிலிருந்து ஒரு அப்பா கேட்கிறார்.

வேண்டாம் ஐயா. சித்தப்பா சொல்வது பழைய இங்கிலாந்து. படித்து முடித்தபின் வேலை தேடத் தரும் விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. 2026 செப்டம்பரில் சேர்ந்தால் உங்கள் மகளுக்கு அந்த 18 மாதம்தான். அதற்குள், வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்யும் முதலாளி கிடைக்க வேண்டும். பொதுவாக ஆண்டுச் சம்பளம் 41,700 பவுண்ட் இருக்க வேண்டும், புதிதாக வேலைக்கு வருபவருக்கான சலுகையிலும் 33,400. முதியோரைப் பராமரிக்கும் கேர் ஹோம் வேலை வழியும் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதைப் பொறுத்தவரை 2025 ஜூலை 22-இல் அடைபட்டுவிட்டது. கல்லூரிப் பெயரா கடனைக் கட்டும்?

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைத்தான் நான் முதலில் படித்திருக்க வேண்டும்: "அவளுக்கு நர்சிங்தான் ஆசை, சொந்தக்காரர்கள் முன்னாடி சொல்ல முடியல." அப்படியானால் ஜெர்மனியின் அவுஸ்பில்டுங்கைப் பாருங்கள். இது வேலையோடு சேர்ந்த மூன்றாண்டுப் பயிற்சி. நர்சிங்கில் 2,100 மணி நேரம் வகுப்பு, 2,500 மணி நேரம் வார்டு. கல்விக் கட்டணம் கிடையாது, சம்பளம் உண்டு. அரசு ஒப்பந்த ஊதியம் தரும் மருத்துவமனைகளில் முதலாண்டே மாதம் 1,400 யூரோவுக்கு மேல். பிடித்தம் போகக் கையில் சுமார் 1,100. அதனால் மாணவர் விசாவுக்குக் கேட்கும் 11,904 யூரோ பிளாக்ட் அக்கவுண்ட் (முன்பே பணம் போட்டு, மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்கும் கணக்கு) பொதுவாக வேண்டியதில்லை. தனியார் முதியோர் இல்லங்களில் குறைவாகவும் தருவார்கள், ஒப்பந்தத்தில் தொகையைப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். பயிற்சி முடித்து நர்சாக இரண்டாண்டு வேலை பார்த்து, 24 மாத ஓய்வூதியச் சந்தாவும் கட்டியிருந்தால் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

முட்டுக்கட்டை மொழிதான். ஜெர்மன் மொழித் தேர்ச்சி ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக ஏறும். சட்டத்துக்கு பி1 போதும், பல மருத்துவமனைகள் பி2 கேட்கின்றன. கோயத்தே என்ற ஜெர்மன் மொழி நிறுவனத்தின் பி1 தேர்வில் நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும், தனித்தனியாகவும் எழுதலாம். மனப்பாடம் செய்து தேறியவள் எங்கே மாட்டுவாள் தெரியுமா? இரவு இரண்டு மணிக்கு ஒரு பாட்டி பவேரிய வட்டாரப் பேச்சில் வலிக்கும் இடத்தைச் சொல்ல, அதைப் புரிந்துகொண்டு டாக்டருக்குப் போனில் சொல்லும்போது. தகுதிகாண் காலம் ஆறு மாதம், அதற்குள் நிறுத்திவிட முடியும். அவள் மேல் தவறில்லாமல் பயிற்சி நின்றுபோனால் வேறு இடம் தேட ஆறு மாதம் வரை சட்டம் அவகாசம் தருகிறது.

பிளஸ் டூ சான்றிதழை ஜெர்மன் மொழிபெயர்ப்போடு, சேரப்போகும் ஜெர்மன் மாநிலத்தின் அதிகாரியிடம், அங்குள்ள பள்ளிப் படிப்புக்குச் சமம் என்ற சான்றுக்காகக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் கைக்கு வந்தபிறகு இதைத் தொடங்குபவர்கள்தான் சேர்க்கைத் தேதியைக் கோட்டைவிடுகிறார்கள். தட்டம்மை தடுப்பூசிச் சான்று இல்லாமல் வார்டுக்குள் விட மாட்டார்கள். அதை இங்கேயே வாங்கிவிடுங்கள்.

ஏஜென்ட் ஆறு லட்சம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பதிவு பெற்ற ஆளெடுப்பு முகவர் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கலாம் என்று இந்திய விதி சொல்லும் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். "இது பயிற்சி, அந்த விதி பொருந்தாது" என்று வாதாடினால், ரசீதில் எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். காலியிடங்கள் ஜெர்மன் வேலைவாய்ப்பு முகமையின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

நைட் ஷிப்ட் உண்டு, மலம் துடைக்கும் வேலையும் உண்டு. இதை மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்டபிறகும் சரி என்றால் ஏ1 வகுப்பில் சேருங்கள். ஏ2 தேறும்வரை வேறு யாருக்கும் ஒரு ரூபாய் கட்ட வேண்டாம். சித்தப்பா கோபித்துக்கொண்டால், 33,400 பவுண்ட் தந்து ஸ்பான்சரும் செய்யும் முதலாளி பெயரை எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.