வாசகர் கேள்வி: வெட்டப்பட்ட அரை மணி நேரம் எங்கே போயிற்று?

கேள்வி: ஜான் வெய்ன் தயாரித்து, இயக்கி, நடித்த ‘தி அலாமோ’ படத்தின் வீடியோ கேசட்டை என் தந்தையார் 1990களில் அமெரிக்காவில் பணியாற்றித் திரும்பியபோது வாங்கி வந்தார். ஒரே படம் இரண்டு கேசட்டுகளில் இருந்தது. ஓட்டம் 202 நிமிடம் என்று உறையில் அச்சிட்டிருந்தார்கள். அவர் மறைந்த பிறகு, அவர் நினைவாக அதே படத்தை டிவிடியில் வாங்கினேன். அது 160 நிமிடத்தில் முடிந்துவிட்டது. பாதிரியார் இறக்கும் காட்சி அதில் இல்லை. அந்தக் காட்சி வரும்போதெல்லாம் அப்பா பேச்சை நிறுத்திவிடுவார். நான் வாங்கியது போலியா? பழைய கேசட்டில் இருந்த காட்சிகள் புதிய தட்டில் எப்படி இல்லாமல் போகும்?
(வாசகர், மதுரை)

பதில்: நீங்கள் வாங்கியது போலி இல்லை, உங்கள் நினைவிலும் பிழை இல்லை. இந்தப் படத்தை நேசிக்கும் பலர், டிவிடி வெளிவந்த நாளிலிருந்து இதே கேள்வியைத்தான் வருத்தத்தோடு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் கணக்கைச் சரிசெய்துகொள்வோம். திரைப்படம் வினாடிக்கு 24 சட்டகங்கள் என்ற வேகத்தில் எடுக்கப்படுகிறது. அமெரிக்காவின் தொலைக்காட்சி முறையான என்டிஎஸ்சி-யில் பதிந்த கேசட்டில் அந்த வேகம் மாறாது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் புழங்கும் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் வினாடிக்கு 25 சட்டகங்கள் என்பதால், படம் நூற்றுக்கு நான்கு பங்கு விரைவாக ஓடி முடியும். திரையரங்கில் 167 நிமிடம் ஓடும் படம் பால் முறை டிவிடியில் சுமார் 160 நிமிடம்தான் காட்டும். ஆகவே கேசட்டுக்கும் தட்டுக்கும் இடையே தெரிகிற 42 நிமிட வேறுபாட்டில் ஏழு நிமிடம் வெறும் வேக வேறுபாடு. மீதி 35 நிமிடம் உண்மையாகவே இல்லை.

அந்த 35 நிமிடம் இன்று நேற்றுப் போனதன்று. 1836-இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில், அலாமோ என்ற பழைய கிறித்தவ மடத்தைக் கோட்டையாக்கிக்கொண்டு ஒரு சிறு படை மெக்சிகோவின் பெரும்படையை 13 நாள் எதிர்த்து நின்று மடிந்த கதை இது. இதைப் படமாக்க வேண்டும் என்பது ஜான் வெய்னின் பல்லாண்டுக் கனவு. பிராக்கெட்வில் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணையில் அலாமோவையே கட்டி எழுப்பினார். சொந்தப் பணத்தையும் கொட்டினார். டாட்-ஏஓ எனப்படும் அகலப்பட முறையில் 65 மி.மீ. நெகட்டிவில் எடுக்கப்பட்ட அந்தப் படம், 1960 அக்டோபர் 24 அன்று சான் அன்டோனியோவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. தொடக்க இசை, இடைவேளை, முடிவு இசை எல்லாம் சேர்த்து அதன் நீளம் 202 நிமிடம். இசைப் பகுதிகளை நீக்கினால் 192. பெருநகரங்களில் முன்பதிவு இருக்கைகளுடன், ஒரு நாடகத்துக்குப் போவதுபோல மக்கள் வந்து பார்ப்பதற்கென்று அமைத்த பதிப்பு அது. ‘ரோட்ஷோ’ பதிப்பு என்று அதைச் சொல்வார்கள்.

மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படத்தைச் சாதாரணத் திரையரங்குகளில் நாளொன்றுக்கு வேண்டிய அளவு காட்சிகள் ஓட்ட முடியாது. ஆகவே பொது வெளியீட்டுக்கு முன்பு, விநியோகித்த யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் நிறுவனம் படத்தை 167 நிமிடமாகச் சுருக்கியது. நீங்கள் சொல்லும் பாதிரியாரின் மரணமும், அவருக்காக, வெய்ன் ஏற்று நடித்த டேவி க்ராக்கெட் செய்யும் பிரார்த்தனையும் அப்போது போயின. கோட்டைக்குள் முற்றுகையின் நடுவே ஒரு சிறுமிக்குப் பிறந்தநாள் கொண்டாடும் காட்சியும் போயிற்று. அந்தச் சிறுமியாக நடித்தவர் வெய்னின் சொந்த மகள். சண்டைக் காட்சிகள் ஏறக்குறைய முழுமையாகத் தங்கின. சாகப்போகிறவர்கள் யார், ஒருவருக்கொருவர் என்னவாக இருந்தார்கள் என்று சொல்லும் அமைதியான பகுதிகளே பெரும்பாலும் கத்திரிக்கு இரையாயின. உங்கள் தந்தையார் பேச்சை நிறுத்திய காட்சி அந்த வகையைச் சேர்ந்தது.

நெடும்பதிப்பு அழிந்துவிட்டது என்றே பல ஆண்டுகள் நம்பியிருந்தார்கள். அதை 1970களில் பார்த்த நினைவிருந்த கனடா நாட்டு ரசிகர் ஒருவரின் விடாமுயற்சியால், டொராண்டோவில் ஒரு 70 மி.மீ. பிரதி கண்டுபிடிக்கப்பட்டது. தெரிந்தவரை எஞ்சியிருந்த ஒரே முழுப் பிரதி அதுதான். நல்ல நிலையில் இருந்தது. அதிலிருந்து எடுத்த வீடியோ பதிவே 1990களின் முற்பகுதியில் கேசட்டாகவும் லேசர் டிஸ்க்காகவும் வந்தது. உங்கள் வீட்டிலிருக்கும் இரண்டு கேசட்டுகள் அந்த வெளியீட்டைச் சேர்ந்தவை. பின்னர் டிவிடி காலம் வந்தபோது, சுருக்கிய பதிப்பை மட்டுமே தட்டில் போட்டார்கள்.

கேள்வி: கண்டெடுத்த பிரதி நல்ல நிலையில் இருந்தது என்றால், அதிலிருந்தே புதிதாக ஒரு புளூ-ரே தயாரிப்பதில் என்ன தடை?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அந்தப் பிரதி இன்று அந்த நிலையில் இல்லை என்பதுதான் தடை. வீடியோ பதிவு எடுத்த பிறகு அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சேமிப்பில் வைத்தார்கள்; அங்கேயே அது கெட்டது. 2007 வாக்கில் எதற்கும் பயன்படாத நிலையை அடைந்துவிட்டது. இதை எழுதும்போது இன்றும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. முப்பது ஆண்டு பிழைத்திருந்த ஒன்று, கண்டெடுக்கப்பட்ட பிறகு பதினைந்து ஆண்டு போலத்தான் தாக்குப்பிடித்தது.

படச்சுருள் எப்படிக் கெடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இந்த வேதனை எளிதில் விளங்கும். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு திரைப்படச் சங்கத்தின் பழைய பெட்டிகளை ஒழுங்குபடுத்த நான் உதவியபோது, ஒரு தகரப் பெட்டியின் மூடியைத் திறந்ததும் காடியின் புளித்த நெடி மூக்கில் குத்தியது. சுருளின் ஓரங்கள் அப்பளம்போல நெளிந்திருந்தன. இரண்டடி இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீலமும் பச்சையும் போய், ஆட்கள், மரம், வானம் எல்லாமே ஒரே இளஞ்சிவப்பாக இருந்தன. படச்சுருளின் அடிப்பொருளான அசிட்டேட் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிவரும். அந்த அமிலம் சிதைவை இன்னும் விரைவாக்கும். 70 மி.மீ. பிரதிகளுக்குக் கூடுதலாக ஒரு கேடும் உண்டு. ஆறு தடங்களில் ஒலியைத் தாங்கும் காந்தப் பட்டைகள் அவற்றின் மேல் பூசப்பட்டிருக்கும். அந்தப் பட்டையிலுள்ள இரும்பு ஆக்சைடு அசிட்டேட்டின் சிதைவைத் தூண்டிவிடும். குளிரும் உலர்வும் உள்ள அறையில் வைத்தாலன்றி இதைத் தள்ளிப்போட வழியில்லை.

‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’, ‘ஸ்பார்டகஸ்’ முதலிய படங்களை மீட்டெடுத்த ராபர்ட் ஹாரிஸ், அலாமோவையும் மீட்க வேண்டும் என்று பல ஆண்டுகள் வெளிப்படையாக வாதாடினார். அது நிறைவேறியதாகச் செய்தி இல்லை. ஆகவே இன்று முழு நெடும்பதிப்பு எஞ்சியிருப்பது, 1990களில் எடுத்த அந்தச் சாதாரணத் தெளிவு வீடியோ பதிவில்தான். அமெரிக்காவில் பழைய படங்களைக் காட்டும் ஒரு தொலைக்காட்சி அலைவரிசையில் அதை ஒளிபரப்பியும் வந்திருக்கிறார்கள். ஆகவே அந்தப் பதிவு கையில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கேள்வி: இன்றைய பெரிய தொலைக்காட்சித் திரையில் அந்தப் பழைய வீடியோவைப் போட்டால் மங்கலாகத் தெரியாதா? அதை விற்றால் வாங்கியவர்களே குறை சொல்வார்கள் என்று உரிமை நிறுவனம் நினைப்பது நியாயம்தானே?
(வாசகர், புதுச்சேரி)

பதில்: மங்கலாகத்தான் தெரியும். 480 வரிகள் கொண்ட பதிவு, அகலப்படத்தின் கூர்மைக்குப் பக்கத்தில்கூட வராது. அதையே முதன்மைப் படமாக வைத்துப் புளூ-ரே விற்றால் அது தவறு. ஆனால் யாரும் அதைக் கேட்கவில்லை. நல்ல நெகட்டிவிலிருந்து எடுத்த 167 நிமிடப் பதிப்பை முதல் தட்டில் வையுங்கள். நெடும்பதிப்பை, உள்ளபடியான தரத்திலேயே, இரண்டாவது தட்டில் சேருங்கள். அதன் நிலை என்ன, ஏன் அப்படி என்பதை உறையில் நேர்மையாக அச்சிடுங்கள். ரசிகர்கள் கேட்பது இவ்வளவுதான், இது மிகையான கோரிக்கை என்று எனக்குத் தோன்றவில்லை.

குறையுள்ள பதிப்பைப் பார்வையாளர்கள் ஏற்க மாட்டார்கள் என்ற அச்சத்துக்கு எதிராக நல்லதொரு சான்று இருக்கிறது. ஸ்டான்லி கிரேமர் இயக்கிய ‘இட்ஸ் எ மேட், மேட், மேட், மேட் வேர்ல்டு’ 1963-இல் மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளமாக வெளிவந்து, பின்பு இதேபோலச் சுருக்கப்பட்ட நகைச்சுவைப் படம். அதற்கும் நீண்ட பதிப்பொன்று 1990களில் லேசர் டிஸ்க்கில் வந்தது. டிவிடி வந்தபோது சுருக்கிய பதிப்பையே போட்டார்கள். அந்த ரசிகர்களும் இதே ஏமாற்றத்தை அனுபவித்தார்கள். கடைசியில் 2014-இல், பழைய படங்களை வட்டுகளாக வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனம் 197 நிமிடப் புனரமைப்பு ஒன்றைப் பொது வெளியீட்டுப் பதிப்புடன் சேர்த்தே வெளியிட்டது. அதைச் செய்தவரும் ராபர்ட் ஹாரிஸ்தான். ஒலி மட்டும் கிடைத்துப் படம் கிடைக்காத இடங்களில் நிழற்படங்களை வைத்து ஒலியை ஓடவிட்டார். நிறம் மங்கிய துண்டுகளையும் விடாமல் சேர்த்தார். காட்சியின் தரம் ஏறி இறங்குவது யார் கண்ணுக்கும் தெரியும். ஆயினும் ரசிகர்கள் அதை மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள். எங்கே என்ன இல்லை, ஏன் இல்லை என்று சொல்லிவிட்டுக் காட்டினால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார்.

கேள்வி: நீளமான பதிப்பே சிறந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? சுருக்கியதால் மேம்பட்ட படங்கள் இல்லையா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: இருக்கின்றன, நீளத்தை நான் தகுதியாகச் சொல்லவில்லை. ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ 1962-இல் 222 நிமிடமாக வெளிவந்து, இரு தடவையாக 187 நிமிடம் வரை சுருக்கப்பட்டது. 1989-இல் அது மீட்கப்பட்டபோது இயக்குநர் டேவிட் லீன் உயிரோடிருந்தார். தாமே அமர்ந்து படத்தொகுப்பைச் செம்மைசெய்து, முதல் வெளியீட்டைவிடச் சற்றுக் குறைந்த நீளத்திலேயே முடித்தார். ஒலி தொலைந்துபோன காட்சிகளுக்காகப் பீட்டர் ஓ’டூலும் அலெக் கின்னஸும் கால் நூற்றாண்டுக்குப் பிறகு வந்து தங்கள் வசனங்களை மறுபடி பேசினார்கள். காலமாகிவிட்ட ஜாக் ஹாக்கின்ஸுக்காகச் சார்லஸ் கிரே குரல் கொடுத்தார். படைத்தவரே திரும்பிவந்து தீர்ப்புச் சொன்ன படம் அது. அங்கே விவாதத்துக்கு இடமில்லை.

அலாமோவுக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. ஜான் வெய்ன் 1979-இல் காலமானார். நெடும்பதிப்பில் பேச்சு மிகுதி என்று சொல்பவர்களும் உண்டு. சில இடங்களில் எனக்கும் அப்படித் தோன்றியிருக்கிறது. ஆனால் அந்த முடிவுக்கு இரண்டையும் பார்த்த பிறகுதானே வர முடியும்? ஒன்றை மட்டும் கடையில் வைத்துவிட்டு, இதுதான் படம் என்று கொடுப்பது, அடுத்த தலைமுறை ரசிகர் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பையே பறிப்பதாகும்.

கேள்வி: என் தந்தையாரின் கேசட்டுகளை இனி நான் என்ன செய்வது? வீட்டில் ஓட்டுவதற்குக் கருவி இல்லை.
(மதுரை வாசகரே மீண்டும்)

பதில்: தயவுசெய்து பழைய பொருள்காரரிடம் போட்டுவிடாதீர்கள். முதலில் கேசட்டின் மூடியைத் தூக்கி, நாடாவில் வெள்ளைப் பொடிபோல எதுவும் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிப்பது வழக்கம். இருந்தால் அதைத் துப்புரவு செய்யாமல் எந்தக் கருவியிலும் நுழைக்கக் கூடாது. நாடாவும் பாழாகும், கருவியின் தலைப்பகுதியும் அடைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் வாங்கியது என்பதால் என்டிஎஸ்சி முறையைப் படிக்கக்கூடிய விசிஆர் தேவை. வீடியோ கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றித் தரும் கடைகளில் இதைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். நெடுநாள் அசையாமல் இருந்த நாடா என்பதால், ஓட்டுவதற்கு முன் ஒருமுறை முழுவதும் முன்னோக்கி ஓடவிட்டுப் பின்னோக்கிச் சுற்றச் சொல்லுங்கள். மாற்றிய கோப்பை வெவ்வேறு இடங்களில் இரண்டு பிரதிகளாக வைத்துக்கொள்ளுங்கள். கேசட்டுகளைப் படுக்கவைக்காமல், புத்தகம்போல நிமிர்த்தி, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள்.

ஒன்றைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படத்தின் தொடக்கத்திலும் இடைவேளையிலும் முடிவிலும் இசை மட்டும் ஒலிக்கும் பகுதிகள் வரும். நாடாவில் கோளாறு என்றோ படம் முடிந்துவிட்டது என்றோ நினைத்து அங்கே பதிவை நிறுத்திவிடுவார்கள். திமித்ரி தியோம்கின் அமைத்த அந்த இசையும் சேர்ந்ததுதான் உங்கள் கேசட்டின் உறையில் இருக்கும் 202 நிமிடக் கணக்கு.