வீட்டில் ஆடு உண்டா, நாய் உண்டா? எலும்பு நீர்க்கட்டி பற்றிய கேள்வி பதில்

நீலகிரியில் நெடுங்காலமாக எலும்பு மருத்துவம் பார்த்து வருகிறேன். நாய்களின் நாடாப்புழு மனிதருக்குள் நீர்க்கட்டியாக வளரும் ஹைடாடிட் நோயைப் பற்றி, அதிலும் அது எலும்பைப் பிடிப்பதைப் பற்றி, இங்குள்ளவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கோத்தகிரியிலிருந்து ஒரு பெண்: என் அண்ணனுக்கு இடுப்பெலும்பில் ஹைடாடிட் என்கிறார்கள். புழு எப்படி டாக்டர் எலும்புக்குள் போகும்?

வளர்ந்த புழு போவதில்லை அம்மா. அது நாயின் குடலிலேயே இருக்கும், சில மில்லிமீட்டர் நீளம்தான். அதன் முட்டை நாயின் மலத்தோடு வெளியே வந்து கையிலோ காயிலோ ஒட்டி நம் வாய்க்குள் போகிறது. குடலில் முட்டை உடைந்து வரும் குஞ்சு ரத்தத்தில் ஏறிவிடும். நூறு பேரில் சுமார் எழுபது பேருக்கு ஈரலிலும் இருபது பேருக்கு நுரையீரலிலும் தங்கிவிடுகிறது. இரண்டையும் தாண்டி எலும்புக்கு வருவது நூற்றுக்கு ஒன்றிரண்டு. அதிலும் ஏறக்குறைய பாதி முதுகெலும்பில்.

ஈரலில் உடம்பே கட்டியைச் சுற்றி ஒரு சுவர் கட்டும், அதனால் அது பந்து மாதிரி ஓரிடத்தில் நிற்கும். எலும்பில் அந்தச் சுவர் இல்லை. எலும்புக்குள் இருக்கும் பஞ்சு போன்ற துளைகள் வழியாகச் சிறு சிறு பைகளாக ஊர்ந்து பரவும். திறந்து பார்த்தால் வெந்த ஜவ்வரிசியைக் கொட்டியது போல இருக்கும். பல வருடம் வலியே இருக்காது. சாதாரணமாகக் கால் தடுக்கி விழுந்து எலும்பு முறிந்த பிறகுதான் பலருக்குத் தெரிய வருகிறது.

எமரால்டிலிருந்து: விருந்துக்கு வெட்டிய ஆட்டின் ஈரலில் தண்ணீர்ப் பை இருந்தது. பையை அறுத்துப் போட்டுவிட்டு மீதியைச் சமைத்துச் சாப்பிட்டோம். ஆபத்தா?

உங்களுக்கு இல்லை. ஆட்டிலுள்ள பை மனிதருக்கு நோய் தராது. அறுத்த பையை எங்கே போட்டீர்கள் என்பதுதான் என் கவலை. அதை நாய் தின்றால் அதன் குடலில் புழு வளர்ந்து, ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும். அந்தக் கழிவை ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள், அல்லது எரித்துவிடுங்கள்.

குன்னூரிலிருந்து ஒரு மகன்: அம்மாவுக்கு முதுகுத்தண்டில் டி.பி. என்று எட்டு மாதமாக மாத்திரை தருகிறார்கள். வலி குறையவே இல்லை. இது ஹைடாடிட்டாக இருக்குமா?

தம்பி, முதலில் ஒன்று: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நம் நாட்டில் முதுகெலும்பு டி.பி. மிக அதிகம், ஹைடாடிட் மிக அரிது. மருந்து கேட்காத டி.பி.யாகவும் இருக்கலாம். ஆனால் எட்டு மாதத்தில் அசைவே இல்லை என்றால் மறுபடி யோசித்தாக வேண்டும்.

எம்ஆர்ஐ படத்தை எடுத்துக்கொண்டு போங்கள். டி.பி. பெரும்பாலும் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டையும் அரித்துவிடும். ஹைடாடிட்டில் தட்டு வெகுநாள் தப்பி நிற்கும், பக்கத்தில் திராட்சைக் கொத்து போல நீர்ப் பைகள் தெரியும். ரத்தப் பரிசோதனை உண்டு. ஆனால் எலும்பு நோயில் அது பல நேரம் ஒன்றுமில்லை என்றே வரும், அதை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஊசி போட்டுச் சதை எடுக்கும் முன்பே அதை டாக்டரிடம் சொல்லுங்கள். பை உடைந்து நீர் கசிந்தால் கடும் ஒவ்வாமை வரலாம், போன வழியெல்லாம் புதுக் கட்டி முளைக்கலாம். அதற்குத் தயாராக இருந்து செய்யும் ஊசி வேறு, எதிர்பாராமல் செய்வது வேறு.

சாண்டிநல்லா பக்கம் ஆடு மேய்த்த ஒரு அம்மாவை இப்படித்தான் வேறு ஊரில் டி.பி. என்று வெகுநாள் வைத்திருந்தார்கள். என்னிடம் வந்தபோது எக்ஸ்ரே பார்க்கும் முன்பே, "உங்க நாய்க்கு ஆட்டுக் குடல் போடுவீங்களா?" என்று கேட்டேன். "அதுக்கு வேற என்ன போடுறது?" என்றார். அதுவரை அவரிடம் யாருமே அதைக் கேட்டிருக்கவில்லை. உங்கள் அம்மா ஆடு, மாடு, நாயோடு இருந்தவரா? டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

கூடலூரிலிருந்து: ஆபரேஷன் இல்லாமல் மாத்திரையிலேயே சரியாகுமா? பள்ளியில் தரும் பூச்சி மாத்திரையும் இதுவும் ஒன்றுதானா?

மருந்து ஒன்றுதான், ஆல்பெண்டசோல். பள்ளியில் தரும் ஒரு மாத்திரை குடற்புழுவுக்கு. எலும்புக் கட்டிக்கு 60 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள பெரியவருக்கு 400 மி.கி. காலையும் இரவும், மாதக்கணக்கில். வெறும் வயிற்றில் போட்டால் பெரும்பகுதி வீண். நெய்யோ பாலோ முட்டையோ, கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட்டால் பல மடங்கு உடம்பில் சேரும். இதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாலும் போதாது, வாயால் சொல்ல வேண்டும். ஈரல் பரிசோதனையும் வெள்ளை அணு எண்ணிக்கையும் தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

மாத்திரை மட்டும் எலும்பில் அநேகமாகப் போதாது. முடிந்த இடத்தில் நோய் பிடித்த எலும்பை நல்ல ஓரத்தோடு வெட்டி எடுப்பதுதான் வழி. தொடையில் அது முடியும், முதுகெலும்பிலும் இடுப்பிலும் முழுதாக எடுப்பது கடினம். திரும்பி வரும் நோய் இது, வருடக்கணக்கில் ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்க வேண்டும். ஆபரேஷன் முடிந்தது, நோய் போனது என்று நான் யாருக்கும் சொன்னதில்லை.

கேத்தி பாலாடாவிலிருந்து ஒரு விவசாயி: தோட்டத்துக்குக் காவலே நாய்தான். அதை விட்டுவிடவும் முடியாது. என்ன செய்வது?

விட வேண்டியதில்லை. பச்சைக் குடலும் ஈரலும் போடாதீர்கள், போட்டால் அரை மணி நேரம் கொதிக்க வைத்துப் போடுங்கள். கால்நடை மருத்துவரிடம் பிராசிகுவாண்டல் கேளுங்கள். சாதாரணப் பூச்சி மருந்து எல்லாமே இந்தப் புழுவைக் கொல்லாது. மருந்து கொடுத்த சில நாள் மலத்தை அள்ளிப் புதையுங்கள், ஏனென்றால் மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. நம் ஊர் ஈரத்திலும் குளிரிலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தோட்டத்தில் பிடுங்கிய கேரட்டை வேட்டியில் துடைத்துக் கடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். கையைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், சானிடைசர் இதற்கு உதவாது.

மறுபடி கோத்தகிரி: அண்ணனிடமிருந்து பிள்ளைகளுக்கு ஒட்டுமா?

ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், பக்கத்தில் படுக்கலாம். ஆனால் பிள்ளைகளும் அதே நாயோடு வளர்ந்தவர்கள் என்றால், எல்லோருக்கும் ஒரு வயிற்று ஸ்கேனும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள் அம்மா.