இரண்டு வண்டி மணல்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டைப் பக்கம் திருச்சபை நடத்தும், அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் மைதானத்தை ஒருமுறை சுற்றினால் 150 மீட்டர். முழுக்கச் சரளை மண். மாணவிகளில் பலர் வெறுங்காலுடன் ஓடுகிறார்கள். ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் வட்டமாக நின்று நன்றி சொல்லி ஜெபிப்பது எங்கள் வழக்கம். சென்ற வாரம், 1500 மீட்டர் ஓடும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "டீச்சர், ஷூ இல்லாததற்கும் நன்றி சொல்ல வேண்டுமா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. எனக்குப் பதில் வரவில்லை. நிர்வாகத்திடம் எதைக் கேட்டாலும், 'இருப்பதைக் கொண்டு நிறைவாக இருங்கள்' என்கிறார்கள். நான் பிள்ளைகளுக்கு நன்றியைக் கற்றுத் தருகிறேனா, வாயை மூடிக்கொண்டிருக்கக் கற்றுத் தருகிறேனா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். ஷூ இல்லாததற்கு அவள் நன்றி சொல்ல வேண்டாம். இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அவளுடைய பாதங்கள்தான் கண்ணில் நிற்கின்றன. நம் பக்கத்துச் சரளையை எனக்குத் தெரியும். சித்திரையில் சுடும். மழை பெய்து காய்ந்த பிறகு குத்தும்.

'எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறுங்கள்' என்று திருத்தூதர் பவுல் தெசலோனிக்க நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு எழுதினார். பள்ளிக்கூடத்தில் படித்த வேற்றுமை உருபுகளை இங்கே நினைத்துப் பாருங்கள். 'சூழ்நிலையிலும்' என்பது ஏழாம் வேற்றுமை. 'சூழ்நிலைக்காகவும்' என்றிருந்தால் பொருள் வேறாகிவிடும். வெறுங்காலோடு நிற்கும்போதும் நன்றி சொல்ல ஏதோ ஒன்று இருக்கிறது என்பது ஒரு செய்தி. வெறுங்காலுக்கே நன்றி சொல் என்பது முற்றிலும் வேறு. எபேசியர் திருமுகத்தில் 'எல்லாவற்றிற்காகவும்' என்றே இருக்கிறதே என்று உங்கள் தாளாளர் கேட்கக்கூடும். இருக்கிறது. அதைச் சிறையிலிருந்து எழுதுகிறவராகவே பவுல் தம்மைச் சொல்லிக்கொள்கிறார். தன் விலங்கைப் பற்றி ஒருவர் அப்படிப் பேசலாம். சிறைக்கு வெளியே நிற்பவர் உள்ளே இருப்பவரிடம் அதைச் சொன்னால் கேட்கக் கூசுகிறது.

நானும் இப்படி ஒரு மைதானத்தில்தான் வளர்ந்தேன். கல்லல் பக்கம், கண்மாய்க் கரையை ஒட்டிய பள்ளி, பெயர் வேண்டாம். எங்கள் பி.டி. மாஸ்டர் தினமும் காலையில் எங்களை ஒரே வரிசையில் நிறுத்தி, மைதானத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கல் பொறுக்க வைப்பார். அவரும் குனிந்து பொறுக்குவார். டவுசர் பை நிறைந்ததும் வேலியோரம் கொட்டிவிட்டு வந்து நிற்போம். அதன் பிறகுதான் ஜெபம். கோடு போடச் சுண்ணாம்பு கிடைக்காத நாட்களில் அடுப்புச் சாம்பல் போதும். வாலிபால் ஒன்றே ஒன்று. அதன் பிளாடர் மாதத்திற்கு இரண்டு முறை ஓட்டையாகும். சைக்கிள் கடை பாய் ஒட்டிக் கொடுப்பார். ஒரு காசு வாங்கியதில்லை.

ஆண்டுவிழாவில் ஒருமுறை மாஸ்டர் அந்தப் பாயை மேடைக்கு அழைத்துத் தாளாளர் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். வாலிபால் பரிசை அவர் கையால் கொடுக்கச் செய்தார். கிரீஸ் கறை போகாத விரல்களால் அவர் கோப்பையை நீட்டியபோது கை நடுங்கியது. நன்றி என்ற சொல் எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். 'எல்லாவற்றிற்காகவும் நன்றி ஆண்டவரே' என்று நூறு தடவை சொல்லியிருந்தேன். அந்த 'எல்லாம்' யாருடைய கையிலிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இதே பள்ளியில் வேறொன்றும் நடந்தது. நீளம் தாண்டும் குழியில் மணல் இறுகிக் கட்டாந்தரையாகிக் கிடந்தது. இரண்டு வண்டி மணல் வேண்டும் என்று மாஸ்டர் மூன்று முறை எழுதிக் கொடுத்தார். இருப்பதற்கு நன்றி சொல்லப் பழகுங்கள் என்று பதில் வந்தது. அந்த ஆண்டு என் வகுப்புத் தோழன் ஒருவன் அந்தக் குழியில் விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டான். மாவட்டப் போட்டிக்குப் போக வேண்டியவன். பிறகு அவன் மைதானத்திற்கே வரவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்து இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. நன்றி என்ற சொல்லை அன்று எங்களுக்கு எதிராகப் பயன்படுத்தினார்கள்.

மறுவாரம் மாஸ்டர் ஜெபத்தை மாற்றினார். நன்றி சொல்லி முடித்ததும், "ஆண்டவரே, எங்களுக்கு இரண்டு வண்டி மணல் வேண்டும்" என்று உரக்கச் சொல்லச் சொன்னார். தினமும் சொன்னோம். பக்கத்துத் தெருவில் வீட்டை மராமத்து பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் காதில் அது விழுந்தது. வேலைக்கு இறக்கியிருந்த மணலில் இரண்டு வண்டியை அனுப்பிவிட்டு, "இதை முன்னாலேயே என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா?" என்று மாஸ்டரைக் கடிந்துகொண்டார்.

கூடைப்பந்து பிறந்த கதையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளி. வெளியே கடுங்குளிர், உள்ளே ஒரு சிறிய கூடம், பொறுமையிழந்த பதினெட்டு மாணவர்கள். ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இறையியல் படித்தவர். அவர் கட்டடக் காவலரிடம் இரண்டு பெட்டிகள் கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக்கூடைகள் இருந்தன. பத்தடி உயரத்தில் இருந்த மாடத்தின் விளிம்பில் அவற்றைக் கட்டினார். இன்றைக்கும் வளையத்தின் உயரம் அதே பத்தடிதான். பழக்கூடைக்கு அடி இருந்ததால், பந்து விழும்போதெல்லாம் யாராவது ஏணியில் ஏறி எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பிற்பாடு அடியைத் திறந்துவிட்டார்கள், இரும்பு வளையம் வந்தது. அப்படிச் செய்தவர்களை நன்றிகெட்டவர்கள் என்போமா? கிடைத்த கூடையை மகிழ்ச்சியோடு மாட்டியதும் விசுவாசம்தான், இனி ஏணி வேண்டாம் என்று நினைத்ததும் விசுவாசம்தான்.

ஐந்து அப்பம், இரண்டு மீனைக் கொண்டு இயேசு பெருங்கூட்டத்துக்கு உணவளித்த கதையிலும் எனக்குப் பிடித்த ஆள் அவருடைய சீடர் அந்திரேயா. இருப்பதை எண்ணிச் சொல்லிவிட்டு, இத்தனை பேருக்கு இது எப்படிப் போதும் என்றும் கேட்கிறார். இயேசு அவரைக் கண்டிக்கவில்லை. போதாது என்ற உண்மை சொல்லப்பட்ட பிறகுதான் அப்பத்தை எடுத்து நன்றி செலுத்துகிறார். உங்கள் மாணவி கேட்டதும் அந்திரேயாவின் கேள்விதான். நிர்வாகத்துக்குத் திருமறையிலிருந்தே எழுத வேண்டுமானால் யாக்கோபின் இரண்டாம் அதிகாரம் போதும்: உடையும் உணவும் இல்லாதவரிடம், தேவையானதைக் கொடுக்காமல் 'சமாதானமாய்ப் போங்கள்' என்று சொல்வதால் என்ன பயன்?

உங்கள் அணியில் இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். வட்டமாக நிற்கும்போது அவர்கள் வாயில் நம் சொற்களைத் திணிக்க வேண்டாம். ஒரு நிமிட அமைதி போதும். சிலுவை போடுகிறவள் போடட்டும். கபடி ஆடும் பிள்ளை மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாளே, அதையும் ஆண்டவர் வாங்கிக்கொள்வார்.

கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். வியாபாரக் கணக்கிலேயே தர்மத்துக்கு என்று மகமை ஒதுக்கிய மண் இது. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரியும் அந்த ஊரில் அவர் பெயரில் இருக்கிறது. அங்கே ஒருநாள் ஓடுதளத்தில் பயிற்சிக்கு அனுமதி கேட்டு எழுதுங்கள். 150 மீட்டரில் பத்துச் சுற்று ஓடிப் பழகிய பிள்ளைக்கு 400 மீட்டர் ஓடுதளத்தில் மூன்றே முக்கால் சுற்று என்பது புதுக் கணக்கு. எங்கே வேகம் எடுப்பது என்று போட்டியன்று அவள் தடுமாறக் கூடாது. பழைய மாணவர்களுக்கும் எழுதுங்கள். 'உதவுங்கள்' என்று பொதுவாக எழுதாமல், எத்தனை ஜோடி, எத்தனை வண்டி என்று எழுதுங்கள்.

முதல் கடிதத்தை எனக்கே எழுதுங்கள். அணியில் ஓடுகிற அத்தனை பிள்ளைகளையும் வெள்ளைத்தாளில் கால் வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்து அனுப்புங்கள். தங்கள் ஷூ அளவு தெரியாத பிள்ளைகளும் இருப்பார்கள். சாயங்காலப் பயிற்சி முடிந்ததும் காலை வைக்கச் சொல்லுங்கள். ஓடிய பிறகு பாதம் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரியாக வரும்.