மகளை வீட்டிலேயே படிக்க வைக்க நினைக்கிறோம், உதவி எங்கே கிடைக்கும்?

மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு வீட்டில் சொல்லிக்கொடுக்கலாமா, சட்டச் சிக்கல் வருமா, புத்தகம், தேர்வு, துணை எல்லாம் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் ஏழு வருடமாக என் மகனை வீட்டில்தான் படிக்கவைக்கிறேன். அவனுக்கு இப்போது பதினைந்து.

பாடத்திட்டத்தைத் தேடும் முன் ஆளைத் தேடுங்கள். முதல் வருடம் நான் பிரின்டர் வாங்கி, சுவரில் கால அட்டவணை ஒட்டி, ஹாலையே வகுப்பறை ஆக்கினேன். ஆறு மாதத்தில் அவனுக்கும் எனக்கும் பேச்சே குறைந்துவிட்டது. பேருந்தில் அரை மணி தூரத்தில் இதே வழியில் போகும் இன்னொரு குடும்பம் கிடைத்த பிறகுதான் மூச்சு வந்தது. வாரம் இரண்டு நாள் அவர்கள் பிள்ளைகள் எங்கள் வீட்டில், ஒரு நாள் இவன் அங்கே. 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்ததிலிருந்து சனிக்கிழமை காலையில் அதன் சிறுவர் பகுதியில்தான் எல்லோரும் சந்திக்கிறோம். சென்னை என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூலகம் இருக்கிறது. இந்திய அளவில் ஸ்வசிக்‌ஷன் என்ற வீட்டுக்கல்விப் பெற்றோர் அமைப்பு உண்டு, அதன் வழியாகவும் உங்கள் ஊர்க்காரர்களை விசாரிக்கலாம்.

துணை என்றால் வீட்டுக்கல்விக் குடும்பம்தான் என்றில்லை. என் மகனுக்குப் பின்னம் புரிந்தது தெருமுனைத் தையல்காரரிடம். அவர் டேப்பை வைத்துக்கொண்டு "கை பதினேழே கால், தோள் பதினாலே அரைக்கால்" என்று சொல்லச் சொல்ல இவன் நோட்டில் எழுதுவான். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று என்று அவர் விரலால் கோட்டைத் தொட்டுக் காட்டினார். நான் மூன்று வாரம் காகிதத்தை மடித்து மடித்துக் காட்டியும் ஏறாதது அன்று ஒரே நாளில் ஏறியது. அந்த அண்ணனை இன்றும் அவன் "சார்" என்றுதான் கூப்பிடுகிறான்.

புத்தகத்துக்குச் செலவே வேண்டாம். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் எல்லா வகுப்புப் புத்தகங்களும் பிடிஎஃப்பாக இலவசம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய இருக்கின்றன, உங்கள் மகள் வயதுக்கு அதுதான் முதல் இடம். அறிவியலுக்குத் துளிர் இதழ். அரவிந்த் குப்தாவின் தளத்தில் தீப்பெட்டி, சைக்கிள் டியூப் கொண்டு செய்யும் பொம்மைகளைப் பாருங்கள்.

சரி, சட்டம். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அதில் வைக்கவில்லை, வீட்டுக்கல்வியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நடைமுறையில் நீங்கள் சந்திக்கப்போவது பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு. எங்கள் வீட்டுக்கும் ஓர் ஆசிரியை வந்தார். எனக்குக் கை நடுங்கியது. மகனே தன் நோட்டுகளையும் படித்த புத்தகங்களின் பட்டியலையும் கொண்டுவந்து வைத்தான். அவர் உட்கார்ந்து பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார், ஒரு கணக்குக் கேட்டார், "எப்பம்மா பரீட்சை எழுத வைக்கப்போறீங்க?" என்றார். அவர் அவர் வேலையைச் செய்கிறார், பதற்றப்படாமல் பேசுங்கள். மாற்றுச் சான்றிதழை மறக்காமல் வாங்கி வையுங்கள். தேதி போட்ட நோட்டுகளைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதீர்கள்.

தேர்வுக்கு எங்களுக்குச் சரிப்பட்டது மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி (NIOS). 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்பில் சேரலாம். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் உறுதிமொழி எழுதிக் கொடுத்துச் சேரலாம். ஐந்து பாடம், அதில் ஒரு மொழி கட்டாயம், தமிழும் உண்டு. ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு, எழுதித் தேறிய பாடம் கணக்கில் நிற்கும். மகன் இரண்டிரண்டு பாடமாக எழுதுகிறான், அந்த நிதானம்தான் எனக்குப் பிடித்தது. ஏப்ரல் தேர்வுக்கு முந்தைய வருடம் மார்ச் நடுவிலேயே சேர்க்கை தொடங்கிவிடும். மாநில வழி வேண்டுமென்றால் பன்னிரண்டரை வயதில் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். கேம்பிரிட்ஜ் தேர்வும் இருக்கிறது, கட்டணம் மிக அதிகம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் தரும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உங்கள் மகளுக்குக் கிடைக்காது, புதுமைப் பெண் உதவித்தொகையும் அப்படியே. அவள் இப்போது அரசுப் பள்ளியில் படிக்கிறாள் என்றால், எங்களைப் போன்ற வருமானக் குடும்பத்துக்கு இது பெரிய இழப்பு. கணவரோடு உட்கார்ந்து இதை நன்றாகப் பேசிவிட்டு முடிவெடுங்கள். நீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், திறந்தநிலையில் படித்தவர்களும் எழுதலாம் என்பது 2024-இல் உச்ச நீதிமன்றம் வரை போய் உறுதியாகிவிட்டது.

அப்புறம், இன்றே பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் என்று இருந்ததால் நாங்கள் மூன்று மாதம் அலைந்தோம்.