வென்டிலேட்டர் வேண்டாம் என்று எழுதி வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 72 வயது. மகன் அமெரிக்காவில், மகள் தாம்பரத்தில். பிழைக்க வழியில்லை என்ற நிலை வந்தால் வென்டிலேட்டர் வேண்டாம் என்று எழுதி வைக்க நினைக்கிறேன். "அபசகுனமாகப் பேசாதே அம்மா, நாங்கள் இல்லையா?" என்கிறான் மகன். ஒரு வெள்ளைத்தாளில் எழுதி பீரோவில் வைத்தால் போதாதா?
- வாசகி, நங்கநல்லூர்

பதில்: போதாது. பீரோவில் இருக்கும் தாள் ஐ.சி.யூ. மருத்துவரின் கண்ணில் படாது. பட்டாலும், முறைப்படி சான்று பெறாத அதை அவர் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 மார்ச் 9 அன்று 'லிவிங் வில்'லுக்கு (எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆவணத்துக்கு) அனுமதி அளித்தபோது, மாஜிஸ்திரேட்டின் மேலொப்பமும் வேண்டும் என்றது. நடைமுறையில் இது பெரும் முட்டுக்கட்டையாக இருந்ததால், 2023 ஜனவரியில் அந்த நிபந்தனை தளர்த்தப்பட்டு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும் என்றானது. பிரதிகளை, உங்கள் சார்பில் சம்மதம் தர ஆவணத்தில் நீங்கள் பெயர் குறிப்பிடுபவரிடமும் குடும்ப மருத்துவரிடமும் மாநகராட்சியிலும் கொடுக்க வேண்டும்.

"அநாவசிய சிகிச்சை வேண்டாம்" என்று பொத்தாம் பொதுவாக எழுதாதீர்கள். தெளிவில்லாத ஆவணத்தை மருத்துவக் குழு செயல்படுத்தாது. வென்டிலேட்டர், டயாலிசிஸ், மூக்குக் குழாய் வழி உணவு ஆகியவற்றில் எது, எந்த நிலையில் வேண்டாம் என்று தனித்தனியே எழுதுங்கள். வலி தணிக்கும் மருந்தை நிறுத்தக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குணமாகக்கூடிய நிமோனியாவுக்குச் சில நாள் வென்டிலேட்டர் வைப்பதை இந்த ஆவணம் தடுக்காது. மீள முடியாத நோயில், நீங்களே முடிவெடுக்க இயலாத கட்டத்தில், இரண்டு மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்து ஒப்பிய பிறகே சிகிச்சை நிறுத்தப்படும்.

அதற்கு நீங்கள் பெயர் குறிப்பிட்டவரின் சம்மதமும் தேவை. அங்கேதான் நம் குடும்பங்கள் வழக்கம்போல மூத்த மகனின் பெயரை எழுதிவிடுகின்றன. "நாங்கள் இல்லையா?" என்று கேட்கும் உங்கள் மகன் உண்மையில் இங்கே இல்லை, அவர் மீனம்பாக்கத்தில் வந்து இறங்கும்வரை, நீட்டப்படும் படிவத்தில் எல்லாம் கையெழுத்திடப் போகிறவர் தாம்பரத்து மகள். அவர் பெயரை முதலில் எழுதுங்கள். ஒருவருக்கு மேற்பட்டவர்களைக் குறிப்பிட இப்போது இடமிருப்பதால் மகனையும் சேர்க்கலாம். ஆனால் இருவரும் சேர்ந்தே சம்மதிக்க வேண்டியிருக்கும் என்பதால், அவருடைய அபசகுனப் பேச்சுக்கு அடுத்த வீடியோ காலிலேயே ஒரு முடிவு கட்டிவிடுங்கள். பின்னாளில் உங்கள் மனம் மாறினால், தெளிவாக முடிவெடுக்கும் நிலையில் இருக்கும்வரை எழுத்து மூலம் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், மாற்றியும் எழுதலாம்.